யார் எண்ணிப் பார்த்தது?

வணக்கம் ஐயா,

பெரம்பலூர் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் நிலக்கோளம் என் பாடம். அண்டம், கோள்கள் எல்லாம் அறிவியல் ஆசிரியரிடம். இரண்டையும் சேர்த்து வாரம் ஒரு பாடவேளை, பாறைக்கும் வானத்துக்கும் என்று ஒரு வகுப்பு நடத்த இருவரும் நினைக்கிறோம். தலைமையாசிரியரும் சம்மதித்துவிட்டார். ஆனால் தொலைநோக்கி இல்லை. பாறை மாதிரிப் பெட்டியில் பாதி காணோம். பிள்ளைகள் சாயங்காலம் பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுவார்கள், இரவு வானத்தைக் காட்ட வழியே இல்லை.

போன மாதம் சாத்தனூர் கல்மரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். 12 கோடி ஆண்டு என்றதும் ஒரு மாணவி எழுந்து, "அதை யார் டீச்சர் எண்ணிப் பார்த்தது?" என்று கேட்டாள். கார்பன் டேட்டிங் என்று ஏதோ சொல்லி உட்காரவைத்தேன். அவளுக்குத் திருப்தி இல்லை, எனக்கும் இல்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

த.

அன்புள்ள த.,

அந்த மாணவியின் கேள்வியிலிருந்தே தொடங்குங்கள். வருடம் முழுக்க அந்த ஒரு கேள்வியை வைத்தே நடத்தலாம். பாறையும் வானமும் நம் பள்ளிகளில் பெயர்ப் பட்டியலாகத்தான் பிள்ளைகளிடம் போய்ச் சேருகின்றன. தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என்று மூன்று, கோள்கள் எட்டு. எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். அது எப்படித் தெரிந்தது என்று கேட்கும் பிள்ளை வகுப்புக்கு ஒன்று இருந்தால் அதுவே பெரிய கொடுப்பினை. உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

முதலில் அவளுக்கு ஒரு பதில் சொல்லிவிடுவோம். கார்பன் முறை சாத்தனூரில் செல்லாது. உயிருள்ளவற்றில் சிறிதளவு இருக்கும் கதிரியக்கக் கார்பனான கார்பன்-14 சுமார் 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். ஐம்பதாயிரம் ஆண்டு தாண்டினால் அளப்பதற்கு அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. தவிர, அங்கே கிடப்பது இப்போது கல். நீரில் கரைந்திருந்த சிலிகா, மணலில் இருக்கும் அதே பொருள், மரத்துக்குள் புகுந்து, நாளடைவில் மரம் இருந்த இடத்தைக் கல் பிடித்துக்கொண்டது. பதினெட்டு மீட்டர் நீளத்துக்கு மரத்தின் வடிவம் அப்படியே நிற்கிறது.

வயதைச் சொல்வது அது கிடக்கும் படிவுகள். ஒரு காலத்தில் கடல் உங்கள் மாவட்டத்துக்குள் வந்து, பின்வாங்கி, மறுபடி வந்திருக்கிறது. அந்தக் கடல் விட்டுப்போன படிவுகளில் அம்மோனைட்டுகள் கிடைக்கின்றன, சுருள் ஓடு கொண்ட உயிரினங்கள். அவற்றின் இனங்கள் விரைவாகத் தோன்றி விரைவாக மறைந்தன. அதனால் ஒரே இனம் இங்கேயும் வேறொரு கண்டத்திலும் கிடைத்தால் இரண்டு படிவுகளும் ஏறக்குறைய ஒரே காலத்தவை என்று சொல்லலாம். அந்த வேறிடத்தில் படிவுகளுக்கு நடுவே எரிமலைச் சாம்பல் அடுக்கு இருந்தால் அதிர்ஷ்டம். சாம்பலில் சிர்க்கான் என்னும் சின்னஞ்சிறு படிகங்கள் இருக்கும். அவற்றுக்குள் யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாகிக்கொண்டே இருக்கும். யுரேனியம்-238 பாதியாக 447 கோடி ஆண்டு ஆகும். எவ்வளவு யுரேனியம் மிச்சம், எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் வயது வந்துவிடும்.

ஆக, எண்ணியது ஒருவர் இல்லை. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பிளான்போர்டு, ஸ்டோலிஸ்கா போன்றவர்கள் 19-ஆம் நூற்றாண்டில் உங்கள் பகுதியின் அடுக்குகளையும் ஓட்டுயிர்களையும் ஒவ்வொன்றாக எழுதிவைத்தார்கள். சாத்தனூர் மரத்தை 1940-ல் கண்டு சொன்னவர் அதே துறையின் எம்.எஸ். கிருஷ்ணன். கதிரியக்கத்தை அளந்தவர்கள் வேறெங்கோ இருந்தார்கள். இந்தச் சங்கிலியைக் கரும்பலகையில் கணு கணுவாக வரைந்து, எந்தக் கணு உறுதி, எதில் சில லட்சம் ஆண்டு முன்பின் ஆகலாம் என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். அவர்களால் முடியும்.

அப்புறம், இரண்டு பாடத்தையும் சேர்க்க நினைத்தீர்களே, அது மிகச் சரியான முடிவு. பூமியின் வயதையே எடுத்துக்கொள்ளுங்கள். 1956-ல் கிளேர் பாட்டர்சன் 455 கோடி ஆண்டு என்று வெளியிட்டார். அவர் முக்கியமாக நம்பியது விண்கற்களை. அரிசோனாவில் பெரும்பள்ளத்தை உண்டாக்கிய கல்லின் துண்டும் அதில் ஒன்று. பூமியின் பாறைகள் உருகி, அரிபட்டு, மறுபடி மறுபடி உருமாறுவதால் பிறந்த காலத்துச் சுவடு இங்கே மிஞ்சவில்லை. கூடவே பிறந்து, மாறாமல் சுற்றிக்கொண்டிருந்த கற்களில் அது இருந்தது. ஹீலியத்தின் கதை இதற்குத் தலைகீழ். 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தை அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரிலும் மசூலிப்பட்டினத்திலும் கூடாரம் போட்டுப் பார்த்தார்கள். சூரியனின் நிறமாலையில், அதாவது ஒளியைப் பிரித்தால் தெரியும் வண்ணப் பட்டையில், எந்தத் தனிமத்தோடும் பொருந்தாத ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. அது என்ன பொருள் என்ற விவாதம் பல ஆண்டுகள் ஓடியது. 1895-ல் வில்லியம் ராம்சே யுரேனியம் உள்ள ஒரு கனிமத்திலிருந்து அதே வாயுவைப் பிடித்தார். சூரியனில் பார்த்தது பூமியின் கல்லுக்குள் இருந்தது. இதைச் சொல்லும் நாளில் நீங்களும் அறிவியல் ஆசிரியரும் சேர்ந்து வகுப்பில் நில்லுங்கள்.

கருவி இல்லையே என்று வருந்தியிருந்தீர்கள். பகலில் நடத்தக்கூடிய வானியல் நிறைய இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது இது. பௌர்ணமி முடிந்து ஐந்தாறு நாளில், காலை பிரேயர் நேரத்தில் மேற்குப் பக்கம் பாருங்கள். வெளுத்துப்போய் நிலா நிற்கும். தினசரிக் காலண்டரில் தேய்பிறை பஞ்சமி, சஷ்டி, சப்தமி என்று போட்டிருக்கும் நாட்கள். வெயில் அடிக்கும் இடத்தில் பிள்ளைகளை நிறுத்தி, ஆளுக்கு ஒரு வெள்ளைப் பந்தோ உருண்டையான சுண்ணாம்புக் கல்லோ கொடுங்கள். கையை நீட்டி, பந்தை நிலாவுக்கு மிக அருகில் தெரியும்படி பிடிக்கச் சொல்லுங்கள். முதுகுக்குப் பின்னாலிருந்து வரும் வெயில் பந்தின் மேல் விழும். நிலாவில் எந்தப் பக்கம், எவ்வளவு வெளிச்சமோ அதே பக்கம், அதே அளவு பந்திலும் இருக்கும். விளிம்பு எங்கே வளைகிறதோ அங்கேயே வளையும். பூமியின் நிழல் விழுந்துதான் நிலா தேய்கிறது என்று பெரியவர்கள் பலரும் நம்பிக்கொண்டிருக்கிறோம். பந்தின் மேல் பூமியின் நிழல் எங்கே விழுகிறது என்று கேளுங்கள். பதிலுக்கு அவசரப்படுத்தாதீர்கள், அவர்களே சொல்லட்டும். சூரியனை மட்டும் யாரும் நேராகப் பார்க்கக் கூடாது, இதை ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.

அடுத்தது கொடிக்கம்பம். பெரம்பலூர் ஏறத்தாழ 11.2 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் 19-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 24-ஐ ஒட்டியும் உச்சிப்பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும், நிழல் காலடியில் ஒடுங்கிவிடும். ஏப்ரலில் தேர்வுத் தொந்தரவு, ஆகஸ்ட் நல்லது. கடிகாரம் பன்னிரண்டு அடிக்கும்போது அது நடக்காது, சுமார் 12.15 ஆகும். ஏன் என்று கேட்டால் நம் கடிகாரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு வைத்தது, நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம் என்பது வரை போகலாம். அதே நாளில் கன்னியாகுமரியில் செங்குத்தாக நட்ட ஒரு மீட்டர் குச்சிக்கு, அந்த ஊர் உச்சிப்பொழுதில், ஐந்தரை சென்டிமீட்டர் நிழல் தெற்கே விழும். குச்சிக்கும் வெயில் விழும் திசைக்கும் நடுவே உள்ள கோணம் 3.15 டிகிரி. இரண்டு ஊருக்கும் வடக்கு தெற்காக உள்ள தூரம் சுமார் 348 கிலோமீட்டர். பஸ் போகும் தூரத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது, வரைபடத்தில் அளக்க வேண்டும். 360-ஐ 3.15-ஆல் வகுத்து 348-ஆல் பெருக்கினால் 39,770 வருகிறது. துருவங்கள் வழியாகப் பூமியின் சுற்றளவு 40,008 கிலோமீட்டர். எரட்டோஸ்தனிஸ் கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தில் செய்த கணக்கு இதுதான். நிழலை ஒரு மில்லிமீட்டர் தப்பாக அளந்தால் விடை எழுநூறு கிலோமீட்டர் பிசகும் என்பதையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கருவி எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது என்று தானாகப் புரியும்.

பாறைக்கு வீட்டிலிருந்தே மாதிரி வரும். சமையல் மேடை கடப்பாக்கல்லா கிரானைட்டா என்று கேளுங்கள். கடப்பாக்கல் கறுப்பாக இருந்தாலும் சுண்ணாம்புப் பாறைதான், எலுமிச்சைச் சாறு கொஞ்ச நேரம் கிடந்தாலே பொலிவு போய் வெளிறிவிடும். கிரானைட்டில் அப்படி ஆகாது. அம்மாக்களுக்கு இது எப்போதோ தெரியும். உடைந்த துண்டுகளைக் கொண்டுவரச் செய்து, சொட்டு விட்டுப் பார்த்து, பிரித்து அடுக்கச் சொல்லுங்கள். அடுக்கி முடித்த பிறகு பெயரைச் சொன்னால் போதும், மறக்காது.

காலத்துக்கு ஒரு கயிறு வேண்டும். 46 மீட்டர், ஒரு மீட்டருக்குப் பத்துக் கோடி ஆண்டு. மைதானத்தில் நீட்டிப் பிடியுங்கள். பல்லாவரத்துச் சார்னோக்கைட் பாறைகள் இன்றைய முனையிலிருந்து சுமார் 25 மீட்டர் தள்ளி. உங்கள் சாத்தனூர் மரம் ஏறக்குறைய ஒரு மீட்டரில். டைனோசர்களும் அம்மோனைட்டுகளும் மறைந்தது 66 சென்டிமீட்டரில். நம் மனித இனம் மூன்று மில்லிமீட்டர். இதற்கு மேல் விளக்கம் வேண்டாம், கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர்கள் நிற்கட்டும்.

தேர்வுக்கு எப்படியும் படித்துவிடுவார்கள், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். சாத்தனூருக்கோ காரைப் பக்கம் செம்மண் ஓடைகளுக்கோ அழைத்துப் போனால் ஒரு துண்டைக்கூட எடுக்க விடாதீர்கள். எந்த அடுக்கில் இருந்தது என்று தெரியாத தொல்லுயிர் எச்சத்துக்கு வயது சொல்ல முடியாது. பைக்குள் போனதும் அது வெறும் கல். படம் எடுக்கட்டும், பக்கத்தில் ஸ்கேல் வைத்து வரையட்டும், எந்த அடுக்கு என்று குறிக்கட்டும். கையில் வைத்துப் பார்க்க வேண்டுமானால் அரியலூர் பக்கம் வாரணவாசியில் உள்ள தொல்லுயிர் அருங்காட்சியகத்தில் கேட்டுப் பாருங்கள்.

கன்னியாகுமரி பக்கத்தில் ஒன்பதாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியர் யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். ஆகஸ்ட் 24-க்கு முன் இரண்டு பள்ளிகளையும் சேர்த்துவைக்கிறேன். அன்று மேகம் மூடினால் முன்பின் இரண்டு நாளில் அளக்கலாம், இரு ஊரிலும் ஒரே நாளாக இருந்தால் சரி. அப்போது உங்கள் ஊரிலும் சின்ன நிழல் ஒன்று இருக்கும், அதையும் அளந்து கோணங்களின் வித்தியாசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிழலும் எதிரெதிர்ப் பக்கம் விழுந்தால் கோணங்களைக் கூட்ட வேண்டும்.

அன்புடன்.