29 பேரும் ஓர் அணித்தலைவனும்

அன்புள்ள ஐயா,

குமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். இந்த ஆண்டு சாரணர் படையும் என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. முகாமைச் சாரணர்களே திட்டமிட வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். 29 பேரையும் உட்காரவைத்து, "எங்கே போகலாம், சொல்லுங்கள்" என்று கேட்டேன். நான்கு பேர் சத்தம் போட்டார்கள். மற்றவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து நானே முடிவைச் சொன்னேன். பெரியவர்கள் சொல்வதைக் கேட்டே வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இந்த முறை ஒத்துவருமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒத்துவரும். உங்கள் எண்ணம் நல்லதுதான்; ஆனால் நீங்கள் கூட்டிய கூட்டம் சாரணர் முறையில் திட்டமிடுவதற்கான கூட்டம் அல்ல. 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் நடத்திய முதல் முகாமிலேயே, சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் சுமார் 20 சிறுவர்களை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணியையும் ஒரு மூத்த சிறுவனிடம் ஒப்படைத்தார். இன்றும் ஓர் அணியில் ஆறு முதல் எட்டுப் பேர்தான் இருக்கிறார்கள். 29 பேர் நடுவே வாய் திறக்காத பையன் ஏழு பேர் வட்டத்தில், அதுவும் தன் தெருவில் வளர்ந்த ஒரு அண்ணன் கேட்கும்போது, பேசிவிடுவான்.

ஆகவே முதலில் அணிக் கூட்டம் நடக்க வேண்டும். அங்கே எழுந்த விருப்பங்களையும் தயக்கங்களையும் எடுத்துக்கொண்டு அணித்தலைவர்கள் 'கோர்ட் ஆஃப் ஹானர்' என்ற மன்றத்தில் கூடுகிறார்கள். படை சிறியதென்றால் துணைத்தலைவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். முகாம், பயிற்சித் திட்டம், பாராட்டு, ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் அந்த மன்றத்தின் பொறுப்பு. ஒரு சிறுவனின் தவறு பற்றி அங்கே பேசப்படுவது வெளியே போகக்கூடாது; படை முழுவதும் அறிய வேண்டிய முடிவுகளை மட்டுமே அறிவிப்பார்கள். சாரண ஆசிரியர் உடன் இருக்கலாம், ஆலோசனை சொல்லலாம். பல படைகளில் அவர் வாக்களிப்பதில்லை.

தக்கலைப் பக்கம் ஒரு படைக்கு நான் சில ஆண்டுகள் உதவியாளராக இருந்தேன். ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, பள்ளி வராந்தாவில் மன்றம் கூடியது. காலை உணவுக்குக் கஞ்சியும் பயறும் என்று முடிவாகி, அடுத்ததற்குப் போக இருந்தார்கள். நான்கு அணித்தலைவர்களில் இளையவன் நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தபடி, கூட்டத்துக்குத் தலைமை வகித்த பையனிடம் மெதுவாகக் கேட்டான்: "அண்ணே, நம்மகிட்ட ரெண்டு அண்டாதான் கெடக்கு. நாலு அணியும் ஒரே நேரம் எப்படிக் கஞ்சி வைக்கும்?" முந்தைய நாள் அவனுடைய அணியில் ஒரு ஆறாம் வகுப்புப் பையன் எழுப்பிய கேள்வி அது. பெரியவர்கள் நாங்கள் மூன்று பேர் அங்கே இருந்தோம். எங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை. இரண்டு அணிகள் சமைக்கும்போது மற்ற இரண்டும் கூடாரப் பள்ளம் வெட்டுவது என்று அவர்களே முறை வைத்துக்கொண்டார்கள்.

பெரியவருக்கு வேலையே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அவருடைய வேலையின் பெரும்பகுதி கூட்டத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். தலைமை வகிக்கப்போகும் பையனோடு பத்து நிமிடம் உட்கார்ந்து, என்னென்ன பேச வேண்டும், எந்த வரிசையில் பேச வேண்டும் என்று அவனையே எழுதச் சொல்லுங்கள். மீற முடியாத எல்லைகளைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்: கையில் இருக்கும் பணம், பள்ளி அனுமதித்த நாட்கள், நீச்சல் தெரிந்தாலும் அருவியிலோ அணைப் பக்கமோ இறங்கக்கூடாது என்பது. நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்யும் என்பதால், மழைக்கு ஒதுங்கும் இடத்தையும் அவர்கள் சொல்லியாக வேண்டும் என்று கேளுங்கள். இவற்றை முதலில் சொல்லாமல், முடிவெடுத்த பிறகு ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினால், நாம் கேட்டதே பொய் என்று பிள்ளைகள் எண்ணுவார்கள்.

இதை நான் என் தவறிலிருந்துதான் கற்றேன். ஒருமுறை மன்றம் சிதறால் மலைக்கு நடைப்பயணம் என்று முடிவு செய்தது. வண்டி வசதியைக் காரணம் காட்டி, யாரையும் கேட்காமல் நான் இடத்தை மாற்றினேன். பயணம் நன்றாகவே நடந்தது. ஆனால் அடுத்த கூட்டத்தில் எதைக் கேட்டாலும் "சார் சொன்னா போதும்" என்பதே பதிலாக வந்தது. நான் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பிறகும் அவர்கள் பழையபடி பேசத் தொடங்க ஏறக்குறைய ஒரு பருவம் ஆயிற்று. உங்கள் பையன்கள் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததற்கு வளர்ப்பு மட்டுமே காரணமாக இருக்க முடியாது. கடைசியில் யார் முடிவு செய்வார் என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது.

அடுத்த வாரம் அணிகளுக்கு இருபது நிமிடம் தனியாகக் கொடுத்து, எங்கே போகலாம், எதற்குப் பயம் என்று இரண்டே கேள்விகள் கேளுங்கள். மன்றம் கூடும்போது வட்டத்துக்கு வெளியே, சுவரோரமாக நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள். யார் எந்த வேலையை எந்த நாளுக்குள் முடிப்பது என்று எழுதும் குறிப்பேட்டை ஒரு பையனிடம் கொடுத்துவிடுங்கள். அதிலுள்ள எழுத்துப்பிழைகளை மட்டும் தயவுசெய்து திருத்த வேண்டாம்.

அன்புடன்.