அலங்காரத்தம்மாள் மூட்டிவிட்ட சண்டை

கேள்வி: எனக்கு 49 வயது. தர்மபுரியில் என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள் என் தோழி. கல்யாணமாகிக் காவேரிப்பட்டணம் போய்விட்டாள். அவள் வீட்டில் மாங்காய் வியாபாரம். தி. ஜானகிராமனின் நாவல்களை ஒன்று விடாமல் படித்துவிடுவது என்று போன வருஷம் இருவரும் பேசி வைத்துக்கொண்டோம். ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் போனில் பேசுவோம். மோகமுள், உயிர்த்தேன், மலர்மஞ்சம் மூன்றும் நன்றாகப் போயின. அம்மா வந்தாளில் வந்தது வினை. கணவர் இருக்கும்போதே வேறொருவரோடு உறவு வைத்திருக்கிற அலங்காரத்தம்மாளின் கதை அது. "பெத்த பிள்ளைய வேதம் படிக்க அனுப்பிட்டு இவ இங்க இப்படியா?" என்றாள். "அவ மனசு உனக்குப் புரியலடி" என்றேன். பேச்சு வளர்ந்து, "உன் பொண்ணு விஷயத்துலயே நீ அப்படித்தானே, உனக்கு இதெல்லாம் தப்பாத் தெரியாது" என்று சொல்லிவிட்டாள். என் மகளின் காதல் கல்யாணத்தை நான்தான் முன்னால் நின்று நடத்தினேன். மூன்று ஞாயிறு ஆகிவிட்டது. அவளும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. மீதி ஐந்து நாவலையும் நான் மட்டும் படித்துக்கொள்ளட்டுமா, அல்லது இதோடு நிறுத்திவிடட்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தர்மபுரி

பதில்: உங்கள் கடிதத்தில் ஜூன் 20 என்று தேதி போட்டிருக்கிறது. அதிலிருந்து பின்னால் மூன்று ஞாயிறு எண்ணிப் பாருங்கள். காவேரிப்பட்டணத்தில் மாங்காய் வியாபாரம் செய்கிற வீட்டில் ஜூன் மாதத்து ஞாயிறு மதியம் யார் கையில் போன் இருக்கும்? பெங்களூரா காய் வண்டி வண்டியாகக் கூழ் ஃபேக்டரிக்குப் போகிற நேரம். எடை போட வேண்டும், ஆள் கூலி கொடுக்க வேண்டும், ராத்திரி கணக்கு எழுத வேண்டும். கோபமே இல்லை என்று சொல்ல வரவில்லை. மூன்று வாரத்தையும் கோபத்தின் கணக்கிலேயே எழுதிவிடாதீர்கள் என்கிறேன். உங்கள் தோழிக்கும் சொன்னது உறுத்திக்கொண்டுதான் இருக்கும். சீசன் நல்ல சாக்காகக் கிடைத்திருக்கிறது.

அம்மா வந்தாளுக்கு ஆள் பிரிந்து நின்று சண்டை போடுவது நீங்கள் தொடங்கி வைத்ததல்ல. 1966இல் புத்தகம் வந்த காலத்திலிருந்து அந்தச் சண்டை நடக்கிறது. உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது எனக்கு வேறொன்று கண்ணில் பட்டது. அலங்காரத்தம்மாளைப் பற்றி இருவரும் அத்தனை பேசியிருக்கிறீர்கள், அவள் கணவர் தண்டபாணியின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. வீட்டில் நடப்பது எல்லாம் தெரிந்தும் வாயைத் திறக்காமல் வளைய வருகிற அந்த மனிதரை நீங்கள் இருவருமே சும்மா விட்டுவிட்டீர்கள். வேதம் படிக்கப் போன மகன் அப்புவையும் விட்டுவிட்டீர்கள். அவன் படிக்கிற பாடசாலையில் இந்து என்று ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் அவன் நடந்துகொள்வதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் அம்மாவை மட்டும் கூண்டில் ஏற்றினால் வழக்கு எப்படி முடியும்? ஒருத்தி அரசு வக்கீல், ஒருத்தி எதிர்த்தரப்பு வக்கீல் என்று ஆகிவிட்டீர்கள். நாவலில் அலங்காரத்தம்மாளே தன் பக்கத்து நியாயத்தை எவ்வளவு குறைவாகப் பேசுகிறாள் என்று திருப்பிப் பாருங்கள்.

என் கதை ஒன்று சொல்கிறேன். இருபது இருபத்தைந்து வருஷம் முன்னால் நானும் ஒரு சிநேகிதியும் இதே தி.ஜா.வை இதே மாதிரி படிக்க ஆரம்பித்தோம். மோகமுள்ளில் யமுனாவின் மனசு எப்படித் திடீரென்று மாறியது, நம்பும்படியாக இல்லையே என்று அவள் பிடித்துக்கொண்டாள். திடீரென்று எங்கே மாறியது, அத்தனை பக்கம் இருக்கிறதே என்று நான். ஒரு மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அவள் நூலகத்தில் எடுத்த பிரதியில் முழுசாக ஒரு பாரம், பதினாறு பக்கம், இல்லவே இல்லை. பைண்டிங்கில் விட்டுப் போயிருந்தது. அவளும் கதை ஒரு இடத்தில் தாவுகிறதே என்று நினைத்திருக்கிறாள். பெரிய எழுத்தாளர், அப்படித்தான் எழுதுவார்போல என்று விட்டுவிட்டாளாம்!

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பேசுவது. 'எனக்கு என்ன தோன்றுகிறதென்றால்' என்று ஆரம்பித்தால் பேச்சு நம் வீட்டுக்குள் வந்து நிற்க ரொம்ப நேரம் ஆகாது. உங்கள் விஷயத்தில் அதுதான் நடந்தது. 'இந்தப் பத்தியைப் படிக்கிறேன், கேள்' என்று ஆரம்பித்தால் பேச்சு புத்தகத்துக்குள்ளேயே சுற்றும். சத்தமாகவே படியுங்கள். தி.ஜா.வின் உரையாடல் காதுக்கென்று எழுதியது. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிராமணப் பேச்சு நம்மூர்க் காதுக்கு முதலில் கொஞ்சம் அந்நியமாகத்தான் இருக்கும், வாய்விட்டுப் படித்தால் பழகிவிடும். பக்க எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். பதிப்புக்குப் பதிப்பு மாறும்.

சரி, மகள் விஷயம். அது புத்தகச் சண்டையே இல்லை, அதைப் புத்தகத்தோடு சேர்த்துக் குழப்பாதீர்கள். உங்கள் தோழி சொன்னது தப்பு. அதை அவளிடம் தனியாக, நேரில் சொல்லுங்கள். "அலங்காரத்தை என்ன வேணா திட்டுடி, என் பொண்ணை இழுக்காத" என்றால் போதும். போனில் சொன்னால் இன்னொரு சண்டை வரும். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். காவேரிப்பட்டணம் இருக்கிற கிருஷ்ணகிரி நம் தர்மபுரியிலிருந்து தனி மாவட்டமாகப் பிரிந்தது 2004இல்தான், அதற்குள் ஏதோ வெளிநாடு போல நினைத்துக்கொள்கிறோம்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். தனியாகப் படிக்க வேண்டாம். தனியாகப் படித்தால் ஒன்பது நாவல் படித்திருப்பீர்கள், அவ்வளவுதான். ஓர் எழுத்தாளரை முழுக்கப் படிப்பதில் ருசியே, ஒரு புத்தகத்தில் பார்த்த ஆள் இன்னொரு புத்தகத்தில் வேறு பெயரில், வேறு புடவையில் வந்து நிற்பதைக் கண்டுபிடிப்பதுதான். அதைக் கண்டுபிடித்த நிமிஷம் யாரிடமாவது சொல்லியாக வேண்டும். சுவரிடம் சொல்ல முடியுமா?

உதாரணம் உங்கள் கையிலேயே இருக்கிறது. மலர்மஞ்சத்தில் என்ன நடக்கிறது? பிறந்த கையோடு ஒரு பெண்குழந்தையை இன்னாருக்கென்று சொல்லிவைத்துவிடுகிறார்கள். அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டே அந்தப் பாலி வளர்கிறாள். அம்மா வந்தாளில்? அம்மா தன் மனசாட்சிக்காக மகனை வேதத்துக்கு அனுப்பிவைக்கிறாள். நம் ஊரில் இதற்குச் சரியான வார்த்தை இருக்கிறது: நேர்ந்துவிடுவது. சாமிக்குக் கிடாய் நேர்ந்துவிடுகிறோமே, அந்த மாதிரி. வேண்டுதல் ஒருத்தருடையது, போகிறது இன்னொருத்தர். கிடாயைக் கேட்டா நேர்ந்துவிடுகிறோம்? அலங்காரத்தம்மாள் நல்லவளா கெட்டவளா என்பதைத் தள்ளிவைத்துவிட்டு, பாலியும் அப்புவும் ஒரே கயிற்றில் கட்டிய இரண்டு பேரா என்று உங்கள் தோழியிடம் கேட்டுப் பாருங்கள். அவள் பாதிக் கேள்வியிலேயே குறுக்கே பேச ஆரம்பிப்பாள். உங்கள் மகளை நீங்கள் அப்படி யாருக்கும் நேர்ந்துவிடவில்லை என்பதும் அந்தப் பேச்சில் தானாக வந்து சேரலாம். நீங்களாக இழுத்துக்கொண்டு வராதீர்கள்.

மீதி இருப்பவை அமிர்தம், அன்பே ஆரமுதே, செம்பருத்தி, மரப்பசு, நளபாகம். அடுத்து மரப்பசுவை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அம்மணி தன் கதையைத் தானே சொல்கிறாள், எந்தக் கூச்சமும் இல்லாமல் சொல்கிறாள். இப்போது இருக்கிற சூட்டில் உங்கள் இருவருக்கும் அது தாங்காது. செம்பருத்தி படியுங்கள். சட்டநாதன், புவனா, அண்ணி குஞ்சம்மாள் என்று ஒரு கூட்டுக் குடும்பம், நடுவில் கடைக் கணக்கு. வியாபாரக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட உங்கள் தோழிக்கு அதில் உங்களைவிட அதிகம் தெரியும். அவள் சொல்லட்டும், நீங்கள் கேளுங்கள். அதற்கப்புறம் அன்பே ஆரமுதே, அப்புறம் மரப்பசு. நளபாகம் அவருடைய கடைசி நாவல், சமையற்காரர் கதை. நேர்ந்துவிடுகிற அந்த விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு அதைப் படியுங்கள், மேற்கொண்டு வாயைத் திறக்கமாட்டேன்.

அமிர்தம் அவருடைய முதல் நாவல். பலரும் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். உண்மையைச் சொன்னால் கை பழகாத எழுத்துதான். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். தாசி குலத்தில் பிறந்து அந்த வாழ்க்கை வேண்டாம் என்கிற அந்தப் பெண்ணைப் பார்க்கும்போது, நீங்கள் ஒரு வருஷமாகப் பழகிய யமுனாவும் அலங்காரமும் அம்மணியும் எங்கிருந்து கிளம்பி வந்தார்கள் என்று தெரியும். முதலில் படித்திருந்தால் இது தெரிந்திருக்காது.

இன்னொரு யோசனை, சும்மா தோன்றியதுதான். தி.ஜா.வின் பக்கங்களில் காவிரி படித்துறையில் குளிக்கிறவர்கள் காலடியில் நிதானமாகப் போகிறது. அதே தண்ணீரைப் பிலிகுண்டுலுவில் கன அடி கன அடியாக அளக்கிறார்கள், ஒகேனக்கல்லில் அது பாறையில் மோதிப் புகையாக எழும்புகிறது. சீசன் முடிந்ததும் ஒருநாள் இருவரும் ஒகேனக்கல் போய், மீன் வறுவலுக்குச் சொல்லிவிட்டு, வரும்வரை அம்மா வந்தாளில் நதி வருகிற பக்கங்களை மட்டும் படித்துப் பாருங்கள். வீட்டுக்காரர்களைக் கூட்டிப் போக வேண்டாம். இரண்டு பக்கத்திலேயே கிளம்பலாம் என்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்காதீர்கள். நாளைக்கே ராத்திரி ஒன்பது மணிக்குமேல், வண்டியெல்லாம் போனப்புறம் கூப்பிடுங்கள். எடுத்த எடுப்பில் அலங்காரம், அப்பு என்று ஆரம்பிக்க வேண்டாம். பெங்களூரா இந்த வருஷம் டன் என்ன விலைக்குப் போகிறது என்று கேளுங்கள்.