சிகரெட் அட்டையில் ஜெரோனிமோ

வணக்கம் ஐயா. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் தளத்தில் விக்டோரியா காலத்தில் சிகரெட் பாக்கெட்டுக்குள் வைத்துக் கொடுத்த பட அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். செவ்விந்தியத் தலைவர்கள் வரிசையில் இறகு, மணிமாலை எல்லாம் எவற்றின் குறியீடுகள்? எங்கே படிக்கலாம்?
- க., திருநெல்வேலி

அன்புள்ள க.,

இரண்டு வாரமாக நானும் அந்த அட்டைகளோடுதான் இருக்கிறேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

இறகுக்கு ஒரு பொருள், மணிக்கு ஒரு பொருள் என்று தேடுவதை விடுங்கள். அது கனவுப்பலன் புத்தகம் படிக்கிற பழக்கம். புகையிலைக் கடை வாசலில் இறகு வைத்த மரப்பொம்மையை நிறுத்துவது இந்த அட்டைகளுக்கு வெகுமுன்பே இருந்த வழக்கம். இறகைப் பார்த்தால் புகையிலை ஞாபகம் வரும், அவ்வளவுதான்.

வருடத்தைப் பார்த்தீர்களா? இவ்வளவு கூர்ந்து பார்க்கிற நீங்கள் அதை எப்படி விட்டீர்கள்? வர்ஜீனியா மாநிலம் ரிச்மண்டில் இருந்த ஆலன் அண்ட் ஜின்டர் கம்பெனி இந்த 50 படங்களை வெளியிட்டது 1888இல். அமெரிக்க ராணுவத்தை எதிர்த்துப் போரிட்ட அப்பாச்சி இனத் தலைவர் ஜெரோனிமோ சரணடைந்தது 1886இல். அட்டை வந்த வருடம் அவர் அலபாமாவில் ராணுவக் காவலில் இருந்தார். 1909இல் இறந்ததும் கைதியாகத்தான். லகோட்டா இனத் தலைவர் சிட்டிங் புல்லுக்கும் ஓர் அட்டை உண்டு. அது வெளியாகி இரண்டு வருடத்தில், 1890 டிசம்பரில், கைதுசெய்யப் போனவர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். எதிர்த்து நின்றவரைக் காவலில் அடைத்துவிட்டு, அவர் முகத்தை இரண்டே முக்கால் அங்குல அட்டையில் வண்ணம் வண்ணமாக அச்சடித்து, சட்டைப்பையில் போட்டுக்கொள்ளக் கொடுத்தார்கள். இதைப் பாருங்கள், இறகை அப்புறம் பார்க்கலாம்.

அட்டையைத் திருப்பியும் பாருங்கள். பின்பக்கம் 50 பெயர்களும் வரிசையாக இருக்கும். பாக்கெட் நசுங்காமலிருக்க வைத்த அட்டைதான் அது. ஆனால் அந்தப் பட்டியலைப் பார்த்த பையன் தன்னிடம் யார் யார் இல்லை என்று எண்ணத் தொடங்குவான். இல்லாத தலைவர் கிடைக்க வேண்டுமென்றால் வீட்டில் யாராவது இன்னொரு பாக்கெட் பிடிக்க வேண்டும்.

இது எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் காலி சிகரெட் பாக்கெட்டின் அட்டைதான் எங்களுக்குப் பணம். அரிதான பிராண்டு என்றால் மதிப்பு அதிகம். அப்பா ஒருமுறை யாரோ கொடுத்த வெளிநாட்டு பாக்கெட்டோடு வந்தார். உள்ளே நான்கு மிச்சம். திண்ணையில் அவர் காலடியில் உட்கார்ந்து, "சீக்கிரம் முடிங்கப்பா" என்று நச்சரித்தேன். அவர் சிரித்துக்கொண்டே ஒன்றை அணைத்து அடுத்ததைப் பற்றவைத்தார். நான்காவது முடியும்வரை நான் எழுந்திருக்கவில்லை.