கட்டணம் வைத்தால் பூங்கா பிழைக்குமா?

கேள்வி: எங்கள் வார்டு பூங்காவைப் பல லட்சம் செலவழித்துப் புதுப்பித்துத் திறந்தார்கள். ஒரே வருடத்தில் ஊஞ்சல் சங்கிலி அறுந்துவிட்டது, புல்தரை காய்ந்துவிட்டது, கழிப்பறையைப் பூட்டிவிட்டார்கள். இலவசமாகக் கொடுத்தால் நம் மக்களுக்கு அருமை தெரியாது. தனியாரிடம் கொடுத்து நுழைவுக் கட்டணம் வசூலிக்கச் சொன்னால் என்ன?
– வாசகர் ஒருவர், மேற்கு மாம்பலம், சென்னை

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் பழியை மக்கள் தலையில் போடாதீர்கள். நாள் முழுக்கப் பிள்ளைகள் ஆடினால் சங்கிலி தேயத்தான் செய்யும். தேய்வதைப் பார்த்து, அறுவதற்கு முன் மாற்ற ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் ஒதுக்காமல் திறப்பு விழா நடத்தியவர்களை அல்லவா நீங்கள் கேட்க வேண்டும்?

சுற்றுச்சுவர், அலங்கார வளைவு, பேவர் பிளாக், நீரூற்று, உடற்பயிற்சிக் கருவிகள் எல்லாம் ஒருமுறைச் செலவு. கல்வெட்டில் பெயர் போட்டுக்கொள்ளலாம். தோட்டக்காரர், காவலாளி, மோட்டார் பழுது, கழிப்பறைத் துப்புரவு இவையெல்லாம் மாதாமாதம் வரும் செலவு. அதற்குக் கல்வெட்டு கிடையாது. அதனால்தான் அது குறைந்த தொகை கேட்ட ஒப்பந்தக்காரர் கைக்குப் போகிறது. அவர் ஒரே தோட்டக்காரரை நாலு பூங்காவுக்கு அலையவிட்டால் கேட்க நாதியில்லை.

திட்டமிடும்போதே பாதித் தவறு நடந்துவிடுகிறது. சென்னை வெயிலில் புல்தரை ஓயாமல் தண்ணீர் கேட்கும். வேம்பு, புங்கன், பூவரசு, மகிழம் நட்டால் முதல் சில வருடம் கவனித்தால் போதும், பிறகு அவையே நமக்கு நிழல் தரும். மரத்தின் அடிவரை பேவர் கல்லை இறுக்கிப் பதித்தால் வேருக்குத் தண்ணீரும் காற்றும் போகாது. வேர் பிடிப்பில்லாத மரம் புயலில் நிற்காது. 2016 டிசம்பரில் வர்தா புயலில் ஆயிரக்கணக்கான மரங்களைப் பறிகொடுத்த ஊர் இது. அதற்கப்புறமும் மரத்தைச் சுற்றி மண் விட மனம் வரவில்லை என்றால் என்ன சொல்ல?

சரி, கட்டணத்துக்கு வருவோம். பத்து ரூபாய் உங்களுக்குப் பெரிதில்லை. நாலு வீட்டு வேலை முடித்து அரைமணி உட்கார நிழல் தேடும் அம்மாவுக்கும், ஓரறை வீட்டில் வளரும் பிள்ளைக்கும் தினம் பத்து ரூபாய் பெரிது. பூங்கா முதலில் அவர்களுக்குத்தான். தனியார் உதவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவைப் பல ஆண்டுகளாக ஒரு தனியார் நிறுவனம்தான் பராமரித்து வருகிறது, வாசலில் கட்டணம் வாங்காமல். பராமரிக்க விடுவது வேறு, வசூலிக்க விடுவது வேறு.

இன்னொன்றும் யோசியுங்கள். கட்டணம் வைத்தால் ஆள் நடமாட்டம் குறையும். அப்படிக் குறைந்த பூங்காவின் மேல் மற்றவர்கள் கண் விழும். ஆளுநர் டிரெவெல்யன் காலத்தில், 1859இல், நம் சென்னையில் நூறு ஏக்கருக்கும் மேல் அமைந்த பீப்பிள்ஸ் பார்க்கை நினைத்துப் பாருங்கள். விக்டோரியா ஹால், மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, நேரு விளையாட்டரங்கம் என்று ஒவ்வொன்றாக அந்த இடத்தில் எழும்பின. பார்க் டவுன் என்ற பெயர் மட்டும் தங்கிவிட்டது. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய மனையைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது, அக்கம்பக்கத்தார் உச்ச நீதிமன்றம் வரை போய் 1991இல் வென்றார்கள். நம் மாநிலத்திலும் பூங்காக்களையும் திறந்தவெளிகளையும் காக்க 1959ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது.

ஆகவே, ஒரு வேலை செய்யுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி உங்கள் பூங்காவின் பராமரிப்பு ஒப்பந்த நகலை வாங்குங்கள். எத்தனை ஆள், எத்தனை மணி நேரம், பழுதை எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும், தவறினால் என்ன அபராதம் என்று அதில் பாருங்கள். அப்புறம் அதை எடுத்துக்கொண்டு, நடைப்பயிற்சிக்கு வரும் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு, வார்டு கவுன்சிலரைப் போய்ப் பாருங்கள்.