தூண்டில் சுற்றுலாதான் வேலை என்கிற பையன் என்ன படிக்கலாம்?

மும்பை செம்பூரிலிருந்து கேட்ட அம்மாவுக்கு வணக்கம். பன்னிரண்டாவது பயாலஜி குரூப் படிக்கும் மகன், வெளியூர்க்காரர்களைப் படகில் கூட்டிப்போய்த் தூண்டில் போட வைப்பதுதான் தன் வேலை என்று ஒற்றைக்காலில் நிற்கிறான், "மீன் பிடிக்கிறதுக்கெல்லாம் ஒரு படிப்பா?" என்று கேட்டிருக்கிறீர்கள். படிப்பு இருக்கிறது. அவனைத் தடுக்காதீர்கள். ஆனால் அதை மட்டுமே நம்பி மும்பையில் இறங்க விடாதீர்கள்.

இங்கே கடல் வருஷம் முழுக்கச் சோறு போடாது. ஜூன், ஜூலை இரண்டு மாதமும் மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. ஆகஸ்ட் வாக்கில் வரும் நாரளி பௌர்ணமிக்குக் கடலில் தேங்காய் விட்டுக் கும்பிட்ட பிறகுதான், இங்குள்ள பூர்வீக மீனவர்களான கோலி மக்கள் புது சீசனைத் தொடங்குவது வழக்கம். கரையோரத் தண்ணீரும் கலங்கல், நகரத்துக் கழிவு வேறு. தெளிந்த கடலில் பெரிய பாரை மீனைத் துரத்த நினைப்பவர்கள் அந்தமானுக்குத்தான் போவார்கள். மும்பைக்குக் கிடைக்கக்கூடியது, குடும்பத்தோடு அரைநாள் படகில் போய், ஜிதாடா என்று இங்கே சொல்லும் கொடுவாவோ, ராவஸ் என்கிற காலாவோ சிக்கினால் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புகிற கூட்டம். அதுவும் நல்ல தொழில்தான், வளர்த்தெடுக்கக் காலம் பிடிக்கும்.

அதனால் 4 வருட மீன்வள அறிவியல் பட்டம், பி.எஃப்.எஸ்ஸி., படிக்கட்டும். ரத்னகிரியில் கல்லூரி இருக்கிறது. நம் பக்கம் தூத்துக்குடியில் 1977 முதல் இருக்கிறது. வெர்சோவாவில் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் பக்கத்திலேயே இருக்கிறதே என்று பலர் கேட்பார்கள். 1961-இல் தொடங்கிய அருமையான இடம், ஆனால் அங்கே முதுகலையும் முனைவர் பட்டமும்தான். சுற்றுலா கைகொடுக்காவிட்டாலும் இந்தப் பட்டத்துக்கு மீன்வளத் துறை, குஞ்சு பொரிப்பகம், தீவனக் கம்பெனி, ஏற்றுமதி என்று வேறு கதவுகள் உண்டு.

விடுமுறையில் கோவாவிலுள்ள தேசிய நீர் விளையாட்டு நிறுவனத்தில் விசைப்படகு ஓட்டவும் உயிர்காக்கவும் பயிற்சி எடுக்கலாம். இந்த வேலையில் மீன் பிடிப்பது கொஞ்சம்தான். வாந்தி எடுக்கும் பயணியைப் பார்த்துக்கொள்ள வேண்டும், சிக்கிய தூண்டில் நரம்பைப் பொறுமையாகப் பிரிக்க வேண்டும், பிடித்த மீனை உயிரோடு விடத் தெரிய வேண்டும். கொக்கியின் எதிர்முள்ளைக் குறடால் முன்னமே நசுக்கிவிட வேண்டும். கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொட வேண்டும், உலர்ந்த கை பட்டால் அதன் மேல்வழுவழுப்பு போய்விடும். அப்புறம் நீரோட்டத்துக்கு எதிரே தலை இருக்கும்படி தண்ணீருக்குள் தாங்கிப் பிடித்து, அது தானாகத் துள்ளிப் போகும்வரை காத்திருக்க வேண்டும். இந்தப் பொறுமை இருக்கிற பையனா என்று நீங்களே கவனியுங்கள்.

சொந்தப் படகு என்று கடன் வாங்காதீர்கள். ஓதமும் பாறையும் தலைமுறையாகத் தெரிந்தவர்கள் கோலிகள். அவர்கள் படகு, அவர்கள் பங்கு, இவன் ஏற்பாடு என்று போவதுதான் நியாயமும் பாதுகாப்பும். அதற்கு மராட்டி சரளமாக வர வேண்டும்.

விலை உயர்ந்த ரீலும் ராடும் இப்போது வேண்டாம். மட், வெர்சோவா பக்கம் தெரிந்த படகுக்காரர் இருந்தால் பரீட்சை முடிந்ததும், மழைக்கு முன்னால், லைஃப் ஜாக்கெட்டோடு சில நாள் அனுப்பிப் பாருங்கள். அதற்குள் கியூட் (CUET) என்கிற அகில இந்தியக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கான விண்ணப்பத் தேதியைத் தவறவிட்டுவிடாதீர்கள்.