வடக்கு ஜப்பானில் வெந்நீர் ஊற்று விடுதிக்கு வயதான பெற்றோரை அழைத்துப் போகலாமா? ஆடையில்லாமல் குளிக்க வேண்டுமாமே, சைவச் சாப்பாடு கிடைக்குமா?

தாராளமாக அழைத்துப் போங்கள். நான் டோக்கியோவில் வேலை பார்க்கிறேன். போன பிப்ரவரியில் அம்மா அப்பாவை அகிதா மாகாணத்து நியூதோ ஊற்றுகளுக்குக் கூட்டிப் போனேன். தாஸாவாகோ வரை புல்லட் ரயிலில் 3 மணி நேரம், அப்புறம் பஸ். மலைக்காட்டில் மொத்தமே 7 விடுதிகள்.

ஆடையில்லாமல்தான் குளிக்க வேண்டும். பெண்களுக்குத் தனித் தொட்டி உண்டு. ஆனாலும் அம்மா விடுதியில் கொடுத்த யுகாத்தாவின் (மெல்லிய பருத்தி அங்கி) முடிச்சைப் பிடித்தபடி கால் மணி நேரம் நின்றார். ஒரு ஜப்பானியப் பாட்டி வந்தார். துணியை மடித்து வைத்தார், முக்காலியில் உட்கார்ந்து உடம்பைத் தேய்த்துக் கழுவினார், எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் அம்மா “சரி, வா” என்றார். தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர்போல வெளுப்பு. கழுத்துவரை இறங்கிவிட்டால் ஒன்றும் தெரியாது. மூட்டு வலி குறைந்த மாதிரி இருக்கிறது என்றார். இதை வைத்தியம் என்று நான் சொல்லவில்லை, அவர் சொன்னதைத்தான் எழுதுகிறேன். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள், அதிக நேரம் ஊற வேண்டாம்.

ஒரு தப்பு செய்தேன். கந்தகத் தண்ணீர் வெள்ளியைக் கறுக்க வைக்கும். தெரிந்திருந்தும் சொல்ல மறந்துவிட்டேன். கரையேறிப் பார்த்தால் அம்மாவின் மெட்டி கரிக்கட்டையாக இருந்தது. அவர் முகம் வாடிவிட்டது. விபூதி போட்டுத் தேய்த்தும் இடுக்கில் கறுப்பு போகவில்லை. வெள்ளி நகைகளை அறையிலேயே கழற்றி வைத்துவிடுங்கள்.

சாப்பாட்டை முன்பதிவின்போதே பேசிவிடுங்கள். மீன் துண்டு இல்லாவிட்டாலும் மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப்பிலும் வேகவைத்த காய்களிலும் மீன் சாறு இருக்கும். “மீன் சாறும் கூடாது” என்று தனியாகச் சொல்ல வேண்டும். முடியாது என்று சொல்லும் விடுதிகளும் உண்டு, வேறு பாருங்கள். எங்களுக்குக் கிரிதான்போ சுட்டுத் தந்தார்கள்: சோற்றை மசித்துக் குச்சியில் பிடித்து, மிசோ தடவித் தணலில் வாட்டியது. முள்ளங்கியைப் புகையில் உலர்த்திப் போடும் ஊறுகாய் ஒன்று உண்டு, பெயர் இபுரிகாக்கோ. அப்பா அதைத் தொட்டுக்கொண்டே 2 கிண்ணம் சோறு சாப்பிட்டார்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். “வெந்நீரில் குளிக்க ஜப்பானா? அந்தக் காசுக்குக் காசி போயிருக்கலாமே” என்று சொந்தக்காரர்கள் இன்னும் குத்திக் காட்டுகிறார்கள். காசிக்கும் கூட்டிப் போவேன். அப்பா 35 வருஷம் மில்லில் வேலை பார்த்தவர். அவர் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அன்று ஜன்னலோரம் பனி விழுவதைப் பார்த்துக்கொண்டு, டீ ஆறிப்போனதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.