உக்கிய தளம்: படகுத் திருத்தம் பற்றிய கேள்வி-பதில்

சல்லி வாசகர்: 23 அடி பைபர் படகின் தளம் நடுவில் அமிழ்கிறது. எத்தனை பிளைவூட் தகடு வாங்க வேண்டும்?

நீளத்தை எழுதியவர் தளத்தின் அகலத்தை எழுதவில்லை. 15 அடி நீளமும் 4 அடி அகலமுமான தளத்துக்கு 8×4 அளவில், 12 மில்லிமீற்றர் தடிப்புள்ள கடற்தரத் தகடு இரண்டு போதும். ஆனால் அமிழ்வது நடுவில் மட்டுமா என்பதை முதலில் அறிய வேண்டும். சுத்தியல் பிடியால் அணியத்திலிருந்து (முன்பக்கம்) கடையார் (பின்பக்கம்) வரை சாண் சாணாகத் தட்டி, மந்தமாக ஒலிக்கும் இடங்களைச் சோக்கால் குறியுங்கள். அளவெடுப்பது அதன் பிறகுதான்.

மூதூர் வாசகர்: உப்புத் தண்ணீர்தானே பலகையை உக்கச் செய்கிறது? தினமும் நல்ல தண்ணீரால் கழுவலாமா?

உண்மை அதற்கு நேர்மாறானது. மரத்தை உக்கச் செய்வது பூஞ்சணம். மரத்தின் ஈரம் 20 வீதத்துக்கு மேல் நிலைத்திருந்தால் அது வளரத் தொடங்கும், உப்போ அதன் வளர்ச்சியைத் தடுக்கும். வாடை மழையில் மூடாமல் கரையில் கிடக்கும் படகுதான் விரைவில் உக்குகிறது. அணியத்தைச் சற்று உயர்த்தி, கடையார்த் துளையின் அடைப்பைக் கழற்றி, தறப்பாளைக் கூரைபோல் சாய்வாகக் கட்டி, இரு முனைகளிலும் காற்றோட்டம் விடுங்கள்.

குச்சவெளி வாசகர்: பழைய தளத்தை வெட்டாமல் அதன் மேலேயே புதுத் தகட்டை ஒட்டினால் பாதிச் செலவில் முடியும் என்கிறார் தச்சர். செய்யலாமா?

செய்யவே கூடாது. இதே கேள்விக்கு எத்தனை முறை பதில் எழுதினாலும் இந்த வேலை நிற்கவில்லை. கடலில் உயிரோடு விளையாடும் வேலை என்பதால் மீண்டும் விரிவாக எழுதுகிறேன்.

நான் முன்னர் வாங்கிய பழைய படகொன்றின் தளம் புதுப் பெயின்றுடன் கல்லுப்போல் இருந்தது. இரண்டாவது வருடம் வலை இழுத்துக்கொண்டிருந்தபோது என் வலது கால் கணுக்கால் வரை உள்ளே இறங்கியது. கரைக்கு வந்து வெட்டிப் பார்த்தால், புதுத் தகட்டின் கீழே பழைய தகடு கறுத்துப்போய்க் கிடந்தது. ஒரு பிடி அள்ளிப் பிழிந்தபோது தேயிலைச் சக்கைபோல் நசுங்கி, விரலிடுக்குகளால் தண்ணீர் வழிந்தது. தளத்தைத் தாங்கும் நீளக்கட்டைக்குள் உளி, சுத்தியல் தேவைப்படாமலே பிடி வரை இறங்கியது. படகு கவிழ்ந்தாலும் மிதக்கட்டும் என்று கீழே நிரப்பியிருந்த ஃபோம் ஊறிப் பாரமாகியிருந்தது. ஒரு கன அடித் தண்ணீர் 28 கிலோ. பத்துக் கன அடி ஊறினால் நான்கு ஆட்களை எப்போதும் ஏற்றிச் செல்வதற்குச் சமம். மேலே ஒட்டும் தகடு இவை அனைத்தையும் மறைப்பதோடு ஈரம் வெளியேறும் வழியையும் அடைத்துவிடுகிறது.

முறையான வேலை இதுதான். படகை மணல் மூட்டைகளில் சமமாக இருத்துங்கள். இருத்தாமல் வெட்டினால் படகின் வெளி ஓடு கோணிவிடும், கோணியது திரும்பாது. ஓரத்தில் இரண்டு அங்குலம் விட்டுத் தளத்தை வெட்டியெடுத்து, ஊறிய ஃபோமை முழுவதும் அகற்றி, நீளக்கட்டைகளை ஒவ்வொன்றாக மட்டும் மாற்றுங்கள்; எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றாதீர்கள். பழைய பைபரை 36ஆம் இலக்க உரைதாளால் மினுக்கம் போகும் வரை உரைத்து, காய்ந்த பின்னரே புது மேட்டை (கண்ணாடி நார் விரிப்பு) ஒட்டுங்கள். புதுத் தகட்டின் இருபுறமும், குறிப்பாக வெட்டு விளிம்புகளும் ஆணித்துளைகளும், ரெசினால் (இறுகும் பிசின்) மூடப்பட வேண்டும். மூடாத ஒரே ஒரு ஆணித்துளை போதும், அடுத்த உக்கல் தொடங்க.

கிண்ணியா வாசகர்: ஃபோமுக்குப் பதிலாக மலிவான வெள்ளை ரெஜிபோம் போடலாமா?

வேண்டாம். பொலியெஸ்டர் ரெசின் பட்டால் அது கரைந்துவிடும். மூடிய கண்ணறைகளுள்ள பொலியூரித்தேன் ஃபோமே உகந்தது. அதன் கீழே தண்ணீர் கடையாருக்கு ஓட வழி விடுங்கள்.

கொட்பே வாசகர்: மேட் விரிப்பதற்குள் ரெசின் இறுகிவிடுகிறது.

எத்தனை மணிக்கு வேலை செய்தீர்கள், ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னர் எவ்வளவு விட்டீர்கள் என்று எழுதியிருக்கலாம். நண்பகல் வெயிலில் எந்த ரெசினும் காத்திருக்காது. அதிகாலையில், நிழலில், ஒரு கிலோ ரெசினுக்குச் சுமார் 10 கிராம் ஹார்ட்னர் என்ற கணக்கில், அரைக் கிலோவுக்கு மேற்படாமல் அகன்ற தட்டில் கலவுங்கள். தகரத்தில் குறித்துள்ள மிகக் குறைந்த அளவுக்குக் கீழே போகாதீர்கள். போனால் ரெசின் சரியாக இறுகாது. இறுகலை விரைவுபடுத்தும் கோபோல்ற் திரவத்தையும் ஹார்ட்னரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலப்பது வெடிப்பை உண்டாக்கும். ஹார்ட்னர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் தொடாதீர்கள்.

நிலாவெளி வாசகர்: நீளக்கட்டைக்குச் சாவண்டலை மரம் ஆகுமா?

நன்றாக ஆகும். ஆங்கில மர வணிகத்தில் நம் ஊரான திருகோணமலையின் பெயராலேயே அழைக்கப்படும், படகுக்குப் பேர்போன மரம் அது. நன்கு காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரத்தில் ரெசின் பிடிக்காது. ஆணித்துளைகளை மூட மறவாதீர்கள்.

திருக்கடலூர் வாசகர்: தளத்துடன் இயந்திரம் பூட்டும் கடையார்ப் பலகையும் ஆடுகிறது. அதை அடுத்த வருடம் பார்க்கலாமா?

முடியாது. தளத்தின் பின் ஓரம் அந்தப் பலகையோடுதான் ஒட்டப்படுகிறது; பிறகு மாற்றினால் புதுத் தளத்தையே வெட்ட வேண்டிவரும். 40 குதிரைவலு இயந்திரத்தின் முழு உந்துதலையும் தாங்குவது அதுவே. இன்றே இயந்திரத்தைக் கழற்றிவிடுங்கள். அந்தப் பலகையை மாற்றும் வரை படகைக் கடலில் இறக்காதீர்கள்.